பாம்பா, கருடனா

சென்ற வியாழக்கிழமை பிற்பகல், மின்சாரம் இல்லாத நேரத்தில், என் நண்பனின் மனைவி மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தாள். நண்பன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவள் எனக்குத் தங்கை முறை. அவர்கள் கல்யாணத்தன்றே அப்படித் தீர்மானமாகிவிட்டது. வந்தவள் உட்காரவில்லை. மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

“அண்ணே, அவரு சனிக்கிழமைக்காரரா, ஞாயித்துக்கிழமைக்காரரா?”

“முதல்ல உக்காரும்மா. தண்ணி குடி.”

“குடிக்கிறேன். நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

தெரியாமல் இருக்காது என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. யாங்கோனில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தேதியில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். கோயிலுக்கு எந்த வருடம் புதுத் தேர் செய்தார்கள், யாருடைய பாட்டன் எந்த மழைக்காலத்தில் கப்பலை விட்டு இறங்கினார், எந்தத் திதியில் யாருக்குப் படையல் என்று கேட்டு வருவார்கள். நான் பெரிய படிப்பு படித்தவன் அல்ல. கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன், கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைப்பேன். அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். இப்போது கேட்டு வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். பாதிப் பேர் பாங்காக்கிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு அரிசிக்கும் கரண்டுக்கும் அலையவே பொழுது சரியாக இருக்கிறது. எனக்கும் முன்போல எழுத ஓடவில்லை. பேனாவை எடுத்தால் கை கனக்கிறது.

ஆனால் அவள் கேட்ட கேள்வி வேறு மாதிரியானது. அதற்கு விடை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அந்த விடையை வைத்துத்தான் அவனும் நானும் ஆயுள் முழுக்கச் சிரித்தோம். மூன்றாவது ஆளுக்கு அதைச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று ரகசியம் ஒன்றும் இல்லை. சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது, அதனால்தான்.

“இப்ப எதுக்கும்மா இது?” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாங்காக்கில் வேலை செய்யும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம். இங்கே இருக்கும் அறையை விற்கலாமா, பயணம் போகலாமா என்று கேட்பதற்கு ஒரு சயாவிடம் போயிருக்கிறாள். வாத்தியாரையும் இங்கே சயா என்போம், ஜோதிடரையும் சயா என்போம்; இவர் ஜோதிடர். அவர் அவளுடைய பிறந்த கிழமையைக் கேட்டார். வியாழன் என்றாள். புருஷனுடையதைக் கேட்டார். ஞாயிறு, விடியுமுன் என்றாள். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம்.

“விடியுமுன்னன்னா அது ஞாயிறு இல்லம்மா, சனிதான்னாரு. பழைய கணக்குல பொழுது விடிஞ்சாத்தான் நாள் மாறும்னாரு. அப்புறம் என்னையப் பார்த்தாரு பாருங்க, அந்தப் பார்வைய நான் மறக்க மாட்டேன்.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மாவில் ஒருவர் எந்தத் தேதியில் பிறந்தார் என்பதைவிட எந்தக் கிழமையில் பிறந்தார் என்பதுதான் முக்கியம். பயாவில், அதாவது இங்குள்ள புத்த கோயிலில், நடுவில் இருக்கும் கோபுரத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைக்கு ஒரு இடம் உண்டு. புதன்கிழமையை மட்டும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி. திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம், ஞாயிறுக்குக் கருடன். அவரவர் கிழமைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் எங்கள் ஆட்களும் போய் ஊற்றுவார்கள். நூறு வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த பிறகு இதிலெல்லாம் வேற்றுமை பார்க்க முடியாது.

கிழமைகளுக்குள் பகையும் உண்டு. வியாழனுக்கும் சனிக்கும் ஆகாது. ஞாயிறுக்கும் புதனுக்கும் ஆகாது. பகைக் கிழமைகள் சேர்ந்து குடித்தனம் செய்தால் ஆயுள் குறையும் என்பார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் காய்ச்சல் வந்துச்சு” என்றாள். “எனக்கு இறங்குன அன்னைக்கு அவருக்கு ஏறுச்சு. நான் எழுந்து கஞ்சி குடிச்சேன். அவரு போயிட்டாரு. அப்ப எனக்கு எதுவும் தோணல. இப்பத் தோணுது. சனிக்கிழமைக்காரரோட வியாழக்கிழமைக்காரி இத்தனை வருசம் இருந்திருக்கேன். நான்தானே அண்ணே அவர் ஆயுசக் குறைச்சது?”

நான் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை.

“நீங்க எழுதிவைக்கிறவரு. பொய் சொல்ல மாட்டீங்க. அதான் வந்தேன். சனியா, ஞாயிறா?”

பொய் சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. ஏனென்றால் அந்தச் சயா சொன்னது தப்பில்லை. எங்கள் பஞ்சாங்கமும் சூரியன் உதித்தால்தான் நாளை மாற்றும்.

அவன் பிறந்தது கோழி கூவுகிற நேரம். ஆஸ்பத்திரியில் கடிகாரத்தைப் பார்த்து ஞாயிறு என்று எழுதிவிட்டார்கள். அவன் அம்மா, கிம்மிண்டைங் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தவர், அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “சூரியனே வரல, அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை எங்கேருந்து வந்துச்சு? பெத்தவ நானா, அந்த நர்சா?” என்பார். சனிக்கிழமை தோறும் அவனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோயிலில் எள் விளக்குப் போடவைப்பார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியாரம்மா சான்றிதழைப் பார்த்து, ஞாயிறுக்கு உரிய எழுத்தில் ஒரு பர்மியப் பெயர் வைத்துவிட்டார். ஆக வீட்டில் அவன் பாம்பு, பள்ளிக்கூடத்தில் கருடன்.

பயாவில் நாகமும் கருடனும் நேரெதிர் மூலைகளில் இருக்கின்றன. நடுவில் கோபுரம். ஒன்றின் முன்னால் நின்றால் மற்றது கண்ணுக்குத் தெரியாது. அம்மாவோடு போனால் அவன் நாகத்துக்கு ஊற்றுவான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனால் கருடனுக்கு ஊற்றுவான். ஒரு பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்குமே ஊற்றினான். வெயிலில் கல்தரை கொதித்தது. வெறுங்காலோடு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினான். நான் முற்பகல் புதன். என் யானைக்கு ஊற்றிவிட்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னான்:

“பாம்புக்கு ஊத்துன குவளையோட போனேனா, கருடன் என்னைய முறைக்குதுடா.”

“குவளையக் கழுவிட்டுப் போயிருக்கணும்.”

“தண்ணியக் கழுவ வேற தண்ணிக்கு எங்கே போறது?”

அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வேடிக்கை அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அந்த நாளுக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. அப்போது நான் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கவில்லை.

முடி வெட்டுவதில்தான் அது முற்றியது. பிறந்த கிழமையில் முடி வெட்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். திங்களும் வெள்ளியும் யாருக்குமே ஆகாது. அவன் அம்மா சனிக்கிழமை கத்தரியைத் தொட விடமாட்டார். பக்கத்து வீட்டு பர்மிய அம்மாள் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடைப் பக்கம் பார்த்தால் காதைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார். அவருக்கு அவன் ஞாயிறு. செவ்வாயன்று வெட்டினால் தரித்திரம் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மிஞ்சியவை புதனும் வியாழனும். அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம், பிறகு வேலை. அதனால் அவன் தலை எப்போதும் காடாகவே இருக்கும். மரத்தடியில் கண்ணாடி மாட்டி முடி வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் அவனிடம் சொன்னார்:

“தம்பி, உன் தலைக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் இருக்கு. கல்யாணம் கட்டிக்கிட்டா அதுவும் இருக்காது. பார்த்துக்க.”

அவர் சொன்னது பலித்தது. அவன் விரும்பியவள் வியாழக்கிழமைக்காரி.

அப்போது அவன் நகரத்து லத்தா பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் இருந்தான். அவள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து பஸ்ஸில் பாலம் கடந்து, பக்கத்துக் கடைக்கு வேலைக்கு வருவாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பையன் என்ன கிழமை?

அதற்குப் பதில் சொல்லப் போவதற்கு முதல்நாள் மாலை அவன் என்னைத் தேடி வந்தான். சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

“டேய், நான் என்ன கிழமைடா?”

“உங்கம்மாவக் கேட்டா சனி.”

“எங்கம்மாவ நான் கட்டிக்கப் போறதில்ல. சனின்னா வியாழனுக்குப் பகையாம். பாம்பு எலியத் தின்னுடுமாம்.”

“அப்ப ஞாயிறுன்னு சொல்லு. சர்டிபிகேட்ல அதான் இருக்கு.”

“ஞாயிறுன்னா கருடன்டா. கருடன் மட்டும் எலிய விட்டுடுமா? மடியில வச்சுக் கொஞ்சுமா?”

“அதெல்லாம் பேசாத. ஞாயிறுக்கும் வியாழனுக்கும் பகை இல்ல. ஞாயிறுக்குப் புதன்தான் பகை.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“நீதானே புதன்?”

“ஆமா.”

“அப்ப சனியா இருந்தா பொண்டாட்டிக்கு ஆகாது. ஞாயிறா இருந்தா உனக்கு ஆகாது.”

“பார்த்து முடிவு பண்ணு” என்றேன்.

மறுநாள் அவன் சான்றிதழோடு தன்லியினுக்குப் போனான். அவள் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையாட்டி, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாராம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டதாகச் சொன்னான். அதோடு கல்யாணம் முடிவானது. சனி என்ற சொல்லை மருமகள் காதில் போடக் கூடாது என்று தன் அம்மாவிடம் சொல்லிவைத்தான். ஆனால் மாமியார் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்: பெண்டாட்டியின் கிழமையிலும் புருஷன் முடி வெட்டக் கூடாது. இது எந்த ஏட்டில் இருக்கிறது என்று நான் கேட்டுச் சொல்லச் சொன்னேன். “என் வீட்டு ஏட்டில் இருக்கிறது” என்று பதில் வந்தது. ஆகவே அவன் தலைக்கு மிஞ்சியது புதன்கிழமை ஒன்று மட்டும். என் கிழமை.

அதன் பிறகு புதன்கிழமை தோறும், கடை விட்டதும், அவன் கிம்மிண்டைங்குக்கு வருவான். மாதத்தில் ஒரு புதன் முடி வெட்டிக்கொள்வான். நான் என் கிழமையில் வெட்டக் கூடாதென்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பிறகு படகுத்துறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் சின்ன முக்காலிகளில் உட்காருவோம். அவனைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“பாம்பா, கருடனா?”

“பாம்பு” என்றால் அன்று அவனுக்கு அவசரம் இல்லை. பொண்டாட்டியின் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்வான். இன்னும் இரண்டு டீ சொல்லலாம். “கருடன்” என்றால் வீட்டில் வேலை இருக்கிறது, அவளோடு எங்கோ போகவேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல், உட்கார முடியாது. அன்றைக்கு நான்தான் அவனுக்குப் பகை. போன் வந்த பிறகு இது இன்னும் சுருங்கியது. நான் கூப்பிட்டால் அவன் ஹலோ சொல்லமாட்டான். நானும் பேர் சொல்லமாட்டேன். கேள்வி ஒரு சொல், பதில் ஒரு சொல், போனை வைத்துவிடுவோம். கடைக்காரருக்கும் இது புரியாது. ஒருதடவை அவர் கேட்டார், என்ன இது, சூதாட்டமா என்று. “ஆமாம், இவன் எப்போதும் தோற்பான்” என்று பர்மியமொழியில் சொல்லிவிட்டு அவன் என் பிஸ்கட்டை எடுத்துத் தின்றான்.

இப்படிச் சொல்லும்போது இதில் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரிகிறது. அந்த வியாழக்கிழமை பிற்பகலும் அப்படித்தான் தெரிந்தது. ஏனென்றால் மேலே எழுதியதை எல்லாம் நான் அவளிடம் சொன்னேன். சனியா, ஞாயிறா என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனி என்றால் அவளைக் கொன்றதுபோல. ஞாயிறு என்றால், பொய் சொல்லமாட்டார் என்று நம்பி மூன்று மாடி ஏறி வந்தவளை ஏமாற்றியதுபோல. அதனால் தொடக்கத்திலிருந்து சொன்னேன். கொதிக்கும் கல்தரை, குவளை, மரத்தடிக் கண்ணாடி, டீக்கடை எல்லாம். வெகுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்து பழந்துணியை ஒவ்வொன்றாக எடுத்துப்போடுகிற களைப்பு எனக்கு. அவள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. அவன் இருந்திருந்தால் எந்த இடத்தில் வெடித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் நான் கொஞ்சம் நிறுத்தினேன், பழக்கத்தில். வெளியே யாரோ ஜெனரேட்டரைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள்.

“அப்ப அவருக்குத் தெரியும்” என்றாள். “சனிதான்னு தெரிஞ்சேதான் வந்தாரு.”

“ரெண்டும்னு தெரிஞ்சு வந்தான்.”

“எங்கம்மா மொஹிங்கா வச்சு உபசாரம் பண்ணுச்சே, அதத் தின்னுட்டு வாயத் திறக்கல பாருங்க.”

“ரெண்டு கிண்ணம் தின்னேன்னு சொன்னான்.”

“மூணு” என்றாள். “நான்தானே ஊத்துனேன்.”

நான் எழுதிவைத்திருந்ததில் அது இரண்டு. திருத்த வேண்டும்.

பிறகு அவள், இதற்கும் முன்னால் கேட்டதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அப்ப அன்னைக்குப் போன்ல நீங்க கேட்டது இதானா?”

எந்தப் போன் என்று நான் கேட்கவில்லை.

கொரோனா மூன்றாவது தடவை ஊரைச் சுற்றிய அந்த மழைக்காலத்தில், ஆக்சிஜன் உருளையோடு ஆட்கள் தெருவில் வரிசை நின்ற நாட்களில், அவர்கள் இருவரும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. நான் காலையில் ஒருதடவை போன் செய்வேன். பேச அவனுக்கு மூச்சு இல்லை. நானும் பேச ஒன்றும் இல்லாமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்பேன். முதல் இரண்டு நாள் “பாம்பு” என்றான். எங்கும் போக வேண்டியதில்லை, படுத்திருக்கிறேன் என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டேன். கடைசியாகப் பேசிய காலையில் நெடுநேரம் இருமல் மட்டும் கேட்டது. பிறகு “கருடன்டா” என்றான். போன் எங்கோ விழுகிற சத்தம். அவ்வளவுதான். அவன் போனது எந்தக் கிழமை என்பது எனக்குத் தெரியும். அதை நான் எங்கும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அடக்கத்துக்கும் போகமுடியவில்லை.

“போன் என் மேலதான் விழுந்துச்சு” என்றாள். “நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். கருடன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவரு பெருசா எதுவும் சொல்லல. கருடனுக்கு ஏதோ வேண்டுதல் போல, நீங்க ஞாபகப்படுத்துனீங்க போலன்னு நினைச்சேன். பயா திறந்ததும் முதல் வேலையா ஞாயித்துக்கிழமை மூலைக்குப் போய்த் தண்ணி ஊத்துனேன். இன்னிவரைக்கும் ஊத்துறேன். இந்தச் சயா சொன்னப்புறம் ரெண்டு வாரமா எங்கேயும் போகல. எந்த மூலைக்குப் போறதுன்னு தெரியல.”

அவள் ஒரு தப்பான அர்த்தத்தில் இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அவன் சொன்ன சொல்லை நானும் வழக்கமான அர்த்தத்திலேயே வைத்திருந்தேன்: இன்றைக்கு முடியாது, போனை வை. அது அப்படியும் இருக்கலாம். மூச்சு முட்டுகிற ஒருவன் எதை நினைத்து எந்தச் சொல்லைச் சொல்கிறான் என்று யார் கணக்கிட முடியும்? ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் இருவருக்குள் இருந்த அர்த்தம் ஒன்றுதான். அதில் சந்தேகம் கிடையாது. அதைச் சொல்வது பொய்யும் ஆகாது.

“கருடன்னு சொன்னா உன்கூட இருக்கணும்னு அர்த்தம்மா” என்றேன். “எத்தனையோ வருசமா அதுக்கு அதான் அர்த்தம். பாம்புன்னா என்கூட. கருடன்னா உன்கூட.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சனியா, ஞாயிறான்னு என்னையக் கேட்டா, கோழி கூவுற நேரத்துல பொறந்தவன், ரெண்டும்னுதான் சொல்லுவேன். அந்தச் சயா சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க அத்தையும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா அவனக் கேட்டேன். அன்னைக்குக் காலையில நான்தான் கேட்டேன். அவன் சொன்னது கருடன்.”

“அவரு சொன்னதுதானே” என்றாள் மெதுவாக.

“அவன் சொன்னதுதான்.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நீண்ட நேரம். நான் எழுந்துபோய் அடுப்படியில் நின்றேன். டீ போடலாம் என்றால் மின்சாரமும் இல்லை, காஸும் இல்லை. காலையில் பிளாஸ்கில் ஊற்றிவைத்த டீ மீதி இருந்தது. இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஆறிப்போயிருந்தது. அவள் வாங்கிக் குடித்தாள். அவள் ஏதோ குடித்தாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. இங்கே கரண்டு வந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது தண்ணீர் மோட்டாரைப் போடத்தான். எப்போது போகும் என்று தெரியாது. நானும் எழுந்து ஓடினேன். என் வயதில் அது ஓட்டம் அல்ல. மோட்டார் ஒருதடவை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை பயாவுக்குப் போறேன்” என்றாள்.

“போயிட்டு வா. எந்த மூலைக்கு?”

“அந்த மூலைக்குத்தான். வேற எங்கே?”

இரண்டு படி இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, நிமிர்ந்து பார்த்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் ஒரு ஓரத்தில் ஏதோ இருந்தது. தலைக்குக் காடு வளர்த்துக்கொண்டு திரிந்தவனோடு அத்தனை வருடம் குடித்தனம் செய்தவள் அல்லவா.

“அண்ணே. ஞாயிறுன்னா புதனுக்குத்தானே பகை?”

“ஆமா.”

“அப்ப ஆயுசக் குறைச்சது நான் இல்ல, நீங்க.”

படிக்கட்டில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. கீழ்வீடுகளிலும் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவனைத் தவிர வேறு யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“ஆமாம்மா, நான்தான்” என்றேன். “பார்த்து இறங்கு. ரெண்டாவது மாடியில ஒரு படி உடைஞ்சிருக்கு.”